சட்டி புகையட்டும்: பன்றி நூடுல்ஸ் கேள்வி–பதில்

சீன முறையில் பத்து நிமிடத்தில் செய்யும் பன்றி இறைச்சி நூடுல்ஸ் பற்றிப் போன முறை எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பாதி ஒரே தவறைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொல்கின்றன. அதற்கு வருகிறேன். அதற்கு முன், அளவை மறந்தவர்களுக்காக மறுபடியும்: இரண்டு பேருக்கு நூடுல்ஸ் 150 கிராம், எலும்பில்லாத இறைச்சி 200 கிராம், காய் இரண்டு கைப்பிடி. இதற்கு மேல் ஒரே ஈட்டில் போடாதீர்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கடையில் எலும்பும் தோலும் கொழுப்புமாக வெட்டித் தருகிறார்கள். நூடுல்ஸுக்கு என்ன கேட்டு வாங்க வேண்டும்? – வாசகி, தக்கலை

வெட்டுவதற்கு முன்பே வாயைத் திறந்து கேட்க வேண்டும். கத்தி விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை. பின்னந்தொடையிலோ முதுகெலும்பை ஒட்டியோ எலும்பில்லாமல் அரைக் கிலோ, “துண்டு போடாதீங்க, முழுசாத் தாங்க” என்று சொல்லுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் எந்தக் கடைக்காரரும் தருவார். வீட்டுக்கு வந்ததும் முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக உறைய வேண்டாம், விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அப்போதுதான் ஐந்து ரூபாய் நாணயத்தின் கனத்தில் வெட்ட வரும். இறைச்சியில் நார் ஓடும் திசையைப் பார்த்து அதற்குக் குறுக்கே வெட்டுங்கள். நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் எவ்வளவு நல்ல இறைச்சியும் கயிறு மாதிரி இழுக்கும்.

அப்படியே வெள்ளைக் கொழுப்பும் கால் கிலோ கேட்டு வாங்குங்கள். இரண்டு கரண்டித் தண்ணீரோடு சிறு தீயில் உருக்கி வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் வரும். சீன வீடுகளில் இந்த நெய்யில் வதக்குவது பழைய வழக்கம். கடை எண்ணெய் எதிலும் அந்த மணம் கிடைக்காது.

கேள்வி: பன்றி இறைச்சி சாப்பிட்டால் மூளையில் பூச்சி வந்து வலிப்பு வரும் என்கிறார்களே? – குலசேகரம்

இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். சரியாக வேகாத பன்றி இறைச்சியில் நாடாப்புழுவின் கூடு இருந்தால் அந்தப் புழு நம் குடலில் வளரும். அப்படிப் புழு உள்ளவரின் மலத்தோடு முட்டைகள் வெளியே வந்து, கழுவாத கை, அழுக்குத் தண்ணீர், மண் ஒட்டிய காய்கறி வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள்ளோ புழு உள்ளவரின் வயிற்றுக்குள்ளேயோ போனால்தான் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வருகிறது. இறைச்சியைத் தொடாத சைவர்களுக்கும் இது வருவது அதனால்தான்.

எனவே இரண்டு பக்கமும் கவனம் வேண்டும். இறைச்சியில் அரிசி மணி போல வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் வாங்காதீர்கள். உள்ளே இளஞ்சிவப்பு துளியும் இல்லாமல் வேக வேண்டும். ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் வைப்பது வெட்டுவதற்காக மட்டும், அதில் எந்தப் பூச்சியும் சாகாது. வெங்காயத்தாளை வேரை நறுக்கி, தாள் தாளாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். முட்டைக்கோஸையும் அப்படியே. இறைச்சி வெட்டிய பலகையில் காய் வெட்டக் கூடாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

கேள்வி: நூடுல்ஸ் நன்றாக வரவில்லை. காரணம் என்ன? – பெயரில்லை, ஊரில்லை

எந்த நூடுல்ஸ், எத்தனை நிமிடம் வேக வைத்தீர்கள், எந்தச் சட்டி, ஒட்டியதா, உடைந்ததா, உப்பா? ஒன்றும் எழுதாமல் காரணம் கேட்டால் எப்படிச் சொல்வது? விவரமாக எழுதுங்கள், விவரமாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஆறு பேருக்காக ஒரு கிலோ இறைச்சி, நாலு பாக்கெட் நூடுல்ஸ். இறைச்சியிலிருந்து சட்டி நிறையத் தண்ணீர் கசிந்து குழம்பு மாதிரி ஆகிவிட்டது. நூடுல்ஸ் கொழகொழ. – திங்கள்சந்தை

நான் சொன்னபடி செய்யவில்லை. இரண்டு பேர் அளவு என்று எழுதியிருந்தேன். கடிதங்களில் பாதி இதே கதை என்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பச்சை இறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோவை மொத்தமாகக் கொட்டினால் சட்டியின் சூடு ஒரே நொடியில் இறங்கி, தண்ணீர் கசியத் தொடங்கும். அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியாகும் வரை சட்டிக்குள் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. இறைச்சி சிவந்து மணம் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக உங்கள் இறைச்சி வறுபடவே இல்லை, தன் தண்ணீரிலேயே அவிந்திருக்கிறது. சீன ஓட்டல் அடுப்பின் வேகம் நம் வீட்டுக் கேஸ் அடுப்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல். அங்கே செய்வதைப் பார்த்துவிட்டு வீட்டில் அதே அளவைக் கொட்டினால் அடுப்பு தாங்காது. அடுப்பைப் பெரிதாக்க முடியாது, ஈட்டைச் சிறிதாக்கலாம்.

நான் இதைக் கப்பலில் கற்றேன். சரக்குக் கப்பலில் பதினோரு வருடம் சமையல் வேலை. என்னோடு இருந்த தலைமைச் சமையல்காரர் ஹாங்காங்காரர். கப்பலில் தீ கிடையாது, மின்சாரத் தட்டுதான், வீட்டு அடுப்பைவிட மந்தம். இருபது பேருக்கு அவர் ஏழு ஈடாகப் போடுவார், ஒரு நாளும் எட்டுப் பேருக்கு மொத்தமாகப் போட்டதில்லை. சட்டியின் பக்கம் காதைச் சாய்த்து நிற்பார். இறைச்சி விழுந்ததும் சடசடவென்று வறண்ட சத்தம் வந்தால் தலையாட்டுவார். அந்தச் சத்தம் அமுங்கி மழை பெய்வது மாதிரி ஆகிவிட்டால் உடனே பாதியை அள்ளித் தட்டில் போட்டுவிடுவார். இன்றைக்கும் நான் சத்தத்தைக் கேட்டுத்தான் சமைக்கிறேன்.

முறை இதுதான். சட்டி வெறுமனே காய்ந்து லேசாகப் புகைய வேண்டும். இரண்டு ஸ்பூன் எண்ணெய். இறைச்சியை ஒரே அடுக்காகப் பரப்பி, முக்கால் நிமிடம் கரண்டி போடாமல் விடுங்கள். திருப்பிப் போட்டு, மொத்தம் இரண்டரை மூன்று நிமிடத்தில் சிவப்பு மறைந்ததும் தட்டில் எடுங்கள். சட்டியைத் துடைத்து மறுபடி காய வையுங்கள். எண்ணெய், இஞ்சி பூண்டு பத்து நொடி, காய் ஒரு நிமிடம், நூடுல்ஸ், அப்புறம் சாஸைச் சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றி, இறைச்சியைத் திரும்பச் சேர்த்து ஒரு நிமிடம். அடுத்த இரண்டு பேருக்கு அடுத்த ஈடு. ஆறு பேர் என்றால் மூன்று ஈடு. ஒவ்வொன்றும் ஆறேழு நிமிடம், முதல் தட்டுக்காரர் சாப்பிட ஆரம்பிக்கட்டும்.

நூடுல்ஸும் ஈரமாகப் போகக் கூடாது. பாக்கெட்டில் சொன்னதற்கு ஒரு நிமிடம் குறைவாக வேக வைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, வடித்து, சுளவில் துணி விரித்து அதன்மேல் ஃபேன் காற்றில் இருபது நிமிடம் பரப்புங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறினால் ஒட்டாது. கழுவிய காயையும் துடைத்துத்தான் போட வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் பெரிய அண்டாவில் மொத்தமாகக் கிண்டிய பன்றி நூடுல்ஸ் பரிமாறினார்கள். மேலே சாஸ் நிறம் கறுப்பாக இருந்தது. என் தட்டில் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தேன், நடுவில் அப்படியே இளஞ்சிவப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தட்டையும் சேர்த்து ஒதுக்கி வைத்துவிட்டு வந்தேன். அளவு மீறினால் ருசி மட்டுமா கெடும், இறைச்சி வெந்ததா என்பதே தெரியாமல் போய்விடும்.

கேள்வி: சோயா சாஸ் அதிகம் ஊற்றினால் உப்பு கரிக்கிறது, குறைத்தால் நிறம் இல்லை. – கருங்கல்

சோயா சாஸ் இரண்டு வகை. மெல்லிய சாஸ் உப்புக்கு, கறுப்புச் சாஸ் நிறத்துக்கு. இரண்டு பேர் அளவுக்கு முதலாவது ஒன்றரை மேசைக்கரண்டி, இரண்டாவது ஒரு தேக்கரண்டி. சீனி அரைத் தேக்கரண்டி. கறுப்புச் சாஸ் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அதையே ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, மீதிக்கு உப்பு போடுங்கள். இறைச்சி ஊற வைத்த சாஸிலும் (அந்த முறை கீழே வருகிறது) உப்பு இருக்கிறது, மறக்க வேண்டாம்.

கேள்வி: அஜினோமோட்டோ போடலாமா? புற்றுநோய் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். – வடசேரி

கால் தேக்கரண்டி போடலாம், விட்டாலும் குற்றமில்லை. 1908-ல் ஜப்பானில் கிகுனாயே இகேதா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்பு என்னும் கடற்பாசிக் குழம்பின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்த உப்பு இது. தக்காளியிலும் பழுத்த பாலாடைக் கட்டியிலும் இயற்கையாக இருக்கும் குளூட்டமேட் என்ற அதே ருசிப் பொருள்தான். இப்போது கரும்புப் பாகு, மரச்சீனிக் கிழங்கு போன்றவற்றைப் புளிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். 1968-ல் ஒரு மருத்துவர் சீன ஓட்டலில் சாப்பிட்டால் தனக்குக் கழுத்து மரத்துப்போகிறது என்று அமெரிக்க மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பயம் பெரிதாகப் பரவியது அதிலிருந்துதான். வெறும் வயிற்றில் நிறையச் சாப்பிடும் சிலருக்குச் சிறிது நேரம் தலைவலி வரலாம். புற்றுநோய்க்குச் சான்று இல்லை. சோடியம் சாப்பாட்டு உப்பில் இருப்பதைப் போல மூன்றில் ஒரு பங்குதான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த நூடுல்ஸில் பயப்பட வேண்டியது சோயா சாஸைப் பார்த்து.

கேள்வி: கடைசியில் நல்லெண்ணெய் ஊற்றினேன். சீன ஓட்டல் வாசம் வரவில்லை, கசந்தது. – கொட்டாரம்

அவர்கள் எள்ளை நன்றாக வறுத்து ஆட்டுவார்கள், எண்ணெய் கருஞ்சிவப்பாக இருக்கும். நம் செக்கில் வறுக்காத எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம், வாசம் வேறு. அந்தச் சீன எள்ளெண்ணெய் கிடைக்காவிட்டால் ஒரு ஸ்பூன் எள்ளைப் பொன்னிறமாக வறுத்து நுணுக்கி, அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். வதக்குவதற்குக் கடலை எண்ணெய் அல்லது பன்றி நெய். தேங்காய் எண்ணெய் நம் வறுவலுக்கு உயிர்தான், ஆனால் இந்தச் சாஸோடு அதன் வாசம் சேராது.

கேள்வி: இறைச்சியைக் குக்கரில் நாலு விசில் வைத்துவிட்டுப் போடலாமா? – அருமனை

கூடாது. நாரு நாராகப் பிரிந்துவிடும். அதற்குப் பதில் ஊற வையுங்கள். 200 கிராமுக்குச் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, கார்ன்ஃப்ளவர் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் இரண்டு தேக்கரண்டி பிசறி, கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். கால் மணி நேரம் போதும். மாவு ஒரு மெல்லிய உறை போலப் பிடித்து இறைச்சியின் சாற்றை உள்ளேயே நிறுத்தும். முற்றிய இறைச்சி என்று தோன்றினால் முதலில் கால் தேக்கரண்டி சமையல் சோடா பிசறி இருபது நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, அப்புறம் மேலே சொன்னது.

கேள்வி: கார்ன்ஃப்ளவருக்குப் பதில் மரச்சீனி மாவு? – பேச்சிப்பாறை

கிழங்கைக் காயவைத்துப் பொடித்த மாவு வேண்டாம், அதில் நார் இருக்கிறது. கிழங்கை அரைத்துப் பிழிந்து தண்ணீரில் அடியில் படியும் வெண்மாவு என்றால் தாராளமாக. இன்னும் வழுவழுப்பாக வரும்.

கேள்வி: சீன ஒயினுக்குப் பதில் பிராந்தி?

வேண்டாம். சீன ஒயின் அரிசியில் செய்வது, மணமே வேறு. ஒரு ஸ்பூன் இஞ்சிச் சாறு போதும்.

கேள்வி: நான்ஸ்டிக் சட்டியில் செய்யலாமா? – இரணியல்

வெறும் நான்ஸ்டிக்கைப் புகையும் வரை காய வைத்தால் அந்தப் பூச்சு சிதைந்துவிடும். நம் பாட்டிமார் சீனச்சட்டி என்று சொல்லும் குழிவான இரும்புச்சட்டி பரண்மேல் கிடக்கும், அதை இறக்குங்கள். பெயரிலேயே சீனம் இருக்கிற சட்டி இது. துருவைத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் நிறம் மாறும் வரை காய வைத்து, எண்ணெய்த் துணியால் மெல்லியதாகத் துடைத்து மறுபடி புகைய விடுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் கறுப்பு மெருகு ஏறி ஒட்டாது. அதற்குப் பிறகு புளி போட்டு விளக்காதீர்கள், அத்தனை உழைப்பும் போய்விடும்.

கேள்வி: தவக்காலத்தில் இறைச்சிக்குப் பதில் என்ன? – குளச்சல்

குளச்சலில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே! கணவாய். வளையமாக வெட்டித் துடைத்து ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான். இரண்டாவது நிமிடம் தாண்டினால் ரப்பர்.

கேள்வி: நேற்று வைத்த பன்றி வறுவல் மிச்சம் இருக்கிறது. அதைப் போடலாமா? – புதுக்கடை

ஃப்ரிட்ஜில் இருந்திருந்தால் போடலாம். தேங்காய்க்கொத்தையும் தளர்ந்த மசாலாவையும் ஒதுக்கி, இறைச்சியைப் பிய்த்து அதன் கொழுப்பிலேயே முறுக விடுங்கள். நல்லமிளகு ஏற்கெனவே இருக்கும், சாஸைப் பாதியாகக் குறையுங்கள். சீனருசி வராது, நல்ல ருசி வரும்.

கேள்வி: காலை ஏழு மணிக்குச் செய்து பிள்ளைக்குப் பள்ளிக்குக் கட்டிக்கொடுக்கலாமா? மதியம் ஒரு மணிக்குத்தான் சாப்பிடுவான். – சுசீந்திரம்

வேண்டாம். நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த பன்றி இறைச்சியைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இறைச்சியை ஊற வைத்து ஃப்ரிட்ஜில் மூடி வையுங்கள், நூடுல்ஸை வேக வைத்து ஆற விட்டு இன்னொரு பாத்திரத்தில். நாலு மணிக்குப் பை கீழே விழும் சத்தம் கேட்டதும் சட்டியை அடுப்பில் ஏற்றுங்கள். கைகால் கழுவி வருவதற்குள் தட்டு தயார்.