காயலான் கடையில் தொடங்கிய படிப்பு

அம்மா, சென்ற வாரம் நீங்கள் வந்தபோது உங்கள் கையில் ஒரு பள்ளியின் கட்டண விவரம் இருந்தது. பையன் கையில் ஷாம்பு பாட்டிலின் பம்ப் இருந்தது. நீங்கள் பேசி முடிக்கும்வரை அவன் அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "பாட்டிலில் மறுசுழற்சி முக்கோணம் போட்டிருக்கிறது. காயலான் கடைக்காரர் பாட்டிலை வாங்கிக்கொண்டு இதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் சார்?"

அன்று உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று வீட்டுக்குப் போனபிறகுதான் தோன்றியது. உங்கள் அண்ணன் சொல்கிறார் என்பதற்காக நகையை அடகு வைத்து, இரண்டு ஆண்டுக்கு 4 லட்சம் கட்டி, ஐஐடி நுழைவுத்தேர்வுப் பயிற்சி தரும் பள்ளியில் இவனைச் சேர்ப்பது தவறு. அங்கே தேறாவிட்டால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அடுத்த திட்டத்தையும் அண்ணன் வைத்திருக்கிறார். அதற்கான பணத்தை மட்டும் உங்களை வைத்திருக்கச் சொல்கிறார்.

மற்ற படிப்புகளைப் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லும். நான் சொல்ல வருவது பிளாஸ்டிக் பாகங்களை வடிவமைத்து வார்க்கக் கற்றுத்தரும் படிப்பு. அதைப் பையனின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தப் பம்ப்பின் உடம்பு ஒரு பிளாஸ்டிக், உறிஞ்சு குழாய் பெரும்பாலும் வேறொரு பிளாஸ்டிக், நடுவில் ஓர் இரும்பு ஸ்பிரிங். பிரித்தெடுக்கக் கூலி கட்டாது. பிரிக்காமல் அரைத்தால் ஸ்பிரிங் அரவை இயந்திரத்தின் கத்தியைக் கெடுக்கும். ஆக, கடைக்காரர் திருப்பிக் கொடுத்தது நியாயம்தான். அந்தப் பம்ப் குப்பைக்குப் போவது அதை வரைந்த மேசையிலேயே முடிவாகிவிட்டது. இதை மாற்றுவதற்குத்தான் தொழிற்சாலைகளில் இப்போது ஆள் தேடுகிறார்கள். ஸ்பிரிங்கையும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த பம்ப்புகள் சந்தைக்கு வந்துவிட்டன.

குடிநீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அரைத்துத் தண்ணீரில் கொட்டினால் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும். தண்ணீரே இரண்டையும் பிரித்துவிடுகிறது. ஆனால் லேபிள் பி.வி.சி.யாக இருந்தால் அதுவும் பெட்டோடு சேர்ந்து மூழ்கி முழுச் சரக்கையும் கெடுக்கும். லேபிளுக்கு எந்தப் பிளாஸ்டிக் என்ற ஒரு வரித் தீர்மானம், அவ்வளவுதான். நிறமும் இப்படித்தான். ஸ்பிரைட் குளிர்பானம் 2022இல் வட அமெரிக்காவில் தன் பச்சை பாட்டிலைக் கைவிட்டு நிறமில்லாத பாட்டிலுக்கு மாறியது. பச்சை பாட்டிலிலிருந்து மறுபடி பாட்டில் செய்வது கடினம் என்பதே காரணம்.

நிறுவனங்கள் எல்லாம் மனம் திருந்திவிட்டன என்று நான் சொல்லவில்லை. லேபிளில் ஓர் இலையை அச்சடித்துவிட்டு ஓய்ந்துவிடுபவர்களும் உண்டு. மற்றவர்களை நகர்த்துபவை இரண்டு: சட்டம், செலவு. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், கெட்டியான பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கின் பங்கை 2025-26இல் 30 விழுக்காடு, 2028-29இல் 60 விழுக்காடு என்று இலக்கு வைத்தன. பழைய பிளாஸ்டிக் ஒரு மூட்டை போல் இன்னொரு மூட்டை இருக்காது. உருகும் விதம் மாறும், நிறம் மங்கும், வாடை வரும். அதற்கேற்ப மோல்டை, அதாவது உருகிய பிளாஸ்டிக்குக்கு வடிவம் கொடுக்கும் அச்சை, மாற்றத் தெரிந்தவர் வேண்டும்.

செலவுக் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு பிளாஸ்டிக் பாகம் மோல்டுக்குள் ஆறும் நேரம் ஏறத்தாழ அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டர் சுவரை 2 மில்லிமீட்டராகக் குறைத்தால் ஆறும் நேரம் பாதிக்குக் கீழே வந்துவிடும். பிளாஸ்டிக் மிச்சம், மின்சாரம் மிச்சம். குறைந்த வலுவை உட்புறம் விலாவெலும்பு போலச் சிறு முட்டுகள் வைத்து ஈடுகட்டுவார்கள். உங்கள் பையனுக்குக் கணக்கு வராது என்றீர்களே, இந்தக் கணக்கை அவனிடம் போட்டுப் பாருங்கள்.

இதைக் கற்றுக்கொடுக்கும் இடம் உங்கள் அம்பத்தூரிலிருந்து வெகு தொலைவில் இல்லை. கிண்டியில் இருக்கும் சிப்பெட் (CIPET), பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும், 1968இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அங்கே மூன்றாண்டு டிப்ளமோக்கள் உண்டு. ஒன்று பிளாஸ்டிக் தொழில்நுட்பம், மற்றொன்று பிளாஸ்டிக் மோல்டு தொழில்நுட்பம். இவனுக்கு இரண்டாவது. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், முதல் ஆண்டு திணறுவான், அதைப் பெரிதுபடுத்தாதீர்கள். முடித்தபின் வேலைக்குப் போகலாம். மனமிருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். அண்ணன் கேட்கும் பட்டம் அப்படியும் வந்து சேரும், நகை பீரோவிலேயே இருக்கும். இந்த ஆண்டுக் கட்டணத்தையும் விண்ணப்பக் கடைசி நாளையும் நேரில் போய்க் கேளுங்கள், இடைத்தரகர் யாரும் வேண்டாம்.

பெயரில் 'பசுமை' ஒட்டிய பட்டப்படிப்பு ஒன்றையும் உறவினர் ஒருவர் சொன்னதாகச் சொன்னீர்கள். பிளாஸ்டிக்கைக் கையால் தொடாமல் அதைத் திருத்த முடியாது. அந்தப் படிப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கும். ஷிப்ட் வேலை, இயந்திரச் சூடு, உருகிய பிளாஸ்டிக் வாடை எல்லாம் உண்டு. அதனால் முதலில் உங்கள் தொழிற்பேட்டையிலேயே ஒரு மோல்டிங் பட்டறையில் அனுமதி கேட்டு அவனை அரை நாள் நிற்க வையுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால், அண்ணன் சொல்லைப் போலவே என் சொல்லையும் தள்ளிவிட வேண்டும்.

அந்தப் பள்ளிக்கு முன்பணம் கட்டாதீர்கள். சனிக்கிழமை அவனைத் தனியாக அனுப்புங்கள், பம்ப்பையும் எடுத்துவரட்டும். ஸ்பிரிங் முழுக்கப் பிளாஸ்டிக்கிலேயே ஆன ஒன்று என் மேசையில் இருக்கிறது. அதை நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.