திறந்த இதய அறுவை சிகிச்சைக்கு முன் வெளிநாட்டுப் பயணம் போய்வரலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. நடக்கும்போது மூச்சு வாங்கியதால் எக்கோ பரிசோதனை செய்துகொண்டேன். பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கி, அதன் திறப்பு 0.7 சதுர சென்டிமீட்டராக இருப்பது தெரிந்தது. ஆஞ்சியோகிராமில் ஒரு ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பும் இருக்கிறது. வால்வை மாற்றி, பைபாஸும் சேர்த்து ஒரே அறுவை சிகிச்சையாக ஒரு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்கிறார் நிபுணர். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கிவர நானும் மனைவியும் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டோம். விமானத்தில் பதினொரு மணி நேரப் பயணம். மாடிப்படி ஏறுவதை நிறுத்திய பிறகு எனக்கு மூச்சு வாங்குவதே இல்லை. போய்வந்த பிறகு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? அதற்கு எப்படித் தயாராக வேண்டும்? சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளும் உண்டு.

பதில்: பயணத்தைத்தான் தள்ளிப்போட வேண்டும், அறுவை சிகிச்சையை அல்ல. மகனைப் பார்க்கப் பல மாதங்களாகக் காத்திருந்திருப்பீர்கள். அந்த ஏமாற்றம் சிறியதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்த பிறகு உங்களை விமானம் ஏறச் சொல்ல என்னால் முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது 0.7 என்ற அளவு அல்ல, மாடிப்படியைப் பற்றிய வரிதான். மாடி ஏறுவதை நிறுத்திய பிறகு மூச்சு வாங்குவதில்லை என்று ஆறுதலோடு எழுதியிருக்கிறீர்கள். வால்வு அப்படியேதான் இருக்கிறது. அதற்கேற்ப உங்கள் நடமாட்டத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் தம்மை அறியாமலேயே இப்படிச் செய்வார்கள்: முதலில் வேகமாக நடப்பதை விடுவார்கள், பிறகு மாடியை, பிறகு கடைக்குப் போய்வருவதை விடுவார்கள், ஒவ்வொரு முறையும் உடம்பு சரியாகிவிட்டது போலத் தோன்றும். அதனால்தான் நாங்கள் "மூச்சு வாங்குகிறதா?" என்று மட்டும் கேட்காமல், "ஆறு மாதத்துக்கு முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை?" என்றும் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு நீங்கள் ஏற்கெனவே பதில் எழுதிவிட்டீர்கள். மருத்துவக் கணக்கில் நீங்கள் அறிகுறி உள்ள நோயாளிதான்.

இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. நலமாக இருப்பவருக்கு அதன் திறப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும்; 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போனால் கடுமையான சுருக்கம் என்கிறோம். அவ்வளவு சிறிய துளை வழியே ரத்தத்தைத் தள்ள இதயத்தின் இடது கீழறை மிகுந்த அழுத்தத்தோடு சுருங்க வேண்டியிருப்பதால், அதன் சுவர் தடித்துப்போகிறது. தடித்த தசைக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. உங்களுக்கோ அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ஒன்றிலும் அடைப்பு இருக்கிறது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் ஆகிய மூன்றில் ஒன்று தோன்றிவிட்டால், வால்வை மாற்றாமல் விடப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் சில ஆண்டுகளே உயிர்வாழ்கிறார்கள் என்பதும், அவர்களில் சிலருக்கு இதயம் திடீரென்று நின்றுவிடுகிறது என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மைகள். மாத்திரைகளால் வால்வு விரியாது. தொடை வழியாகக் குழாய் செலுத்தி வால்வு பொருத்தும் முறை இப்போது பரவலாக இருந்தாலும், 65 வயதுக்குக் குறைவானவருக்கு, அதுவும் பைபாஸும் தேவைப்படுபவருக்கு, அறுவை சிகிச்சையே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் நிபுணர் சொன்னது சரியான யோசனை.

இனி விமானத்தைப் பார்ப்போம். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சில புள்ளிகள் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும். உங்கள் வால்வு அந்த வேகத்துக்கு இடம் கொடுக்காது. பதினொரு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பதால் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையலாம். வறண்ட காற்றில் உடலின் நீர்ச்சத்து குறைந்து, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது விமானநிலையத்தைத்தான். பெட்டியை எடையிடும் மேடையில் தூக்கி வைப்பது, நுழைவாயில் மாறிவிட்டது என்று அறிவிப்பு வந்ததும் தோளில் பையோடு நீண்ட நடைக்கூடத்தில் வேகமாக நடப்பது, இருக்கைக்கு மேலே கை உயர்த்திச் சாமானைத் திணிப்பது என்று, வீட்டில் நீங்கள் கவனமாகத் தவிர்த்துவரும் உழைப்பெல்லாம் ஒரே நாளில் வந்து சேரும். அங்கே போன பிறகு நெஞ்சுவலி வந்தால், உங்கள் ஆஞ்சியோகிராமைப் பார்த்திராத மருத்துவமனையில், அவசரநிலையில், திட்டமிடாத அறுவை சிகிச்சைக்கு உட்பட வேண்டியிருக்கும். திட்டமிட்டுச் செய்வதைவிட அவசரமாகச் செய்யும் இதய அறுவை சிகிச்சையில் ஆபத்து கூடுதல். ஒன்றும் நடக்காமல் திரும்பினாலும், வழியில் சளியும் காய்ச்சலும் ஒட்டிக்கொண்டால் அறுவை சிகிச்சை மேலும் தள்ளிப்போகும்.

பயணத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை, தேதியை மாற்றத்தான் சொல்கிறேன். உங்கள் நோயின் பெயர், அறுவை சிகிச்சையின் தேதி, இப்போது விமானப் பயணம் கூடாது என்ற பரிந்துரை ஆகிய மூன்றும் அடங்கிய கடிதம் ஒன்றை நிபுணரிடம் கையொப்பத்தோடு வாங்கி, விமான நிறுவனத்துக்கும், பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அந்த நிறுவனத்துக்கும் உடனே அனுப்புங்கள். கிளம்பும் நாள் நெருங்க நெருங்க, திரும்பக் கிடைக்கும் தொகை குறையலாம். காப்பீட்டு ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கும் நோய்களைப் பற்றிய பகுதியைக் கவனித்துப் படியுங்கள். தெரிந்த நோயை மறைத்துப் பயணம் செய்தால் வெளிநாட்டு மருத்துவச் செலவை அவர்கள் ஏற்க மறுக்கலாம். மகனிடம் உண்மையை முழுமையாகச் சொல்லிவிடுங்கள். அவரால் விடுப்பு எடுக்க முடியுமென்றால், அறுவை சிகிச்சை முடிந்து நீங்கள் வீடு திரும்பும் வாரத்தில் அவர் வருவது எல்லோருக்கும் பெரிய உதவியாக இருக்கும். மருத்துவமனையில் இருக்கும் நாள்களைவிட வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரங்களில்தான் கூட ஆள் தேவை.

காத்திருக்கும் இந்த நான்கு வாரங்களும் சிகிச்சையின் பகுதியே. முதலில் மாத்திரைகள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், கைவைத்தியப் பொடிகள், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை உட்பட, ஒரு தாளில் எழுதி அறுவை சிகிச்சை நிபுணரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் கொடுங்கள். குளோபிடோக்ரெல் மாத்திரையைப் பொதுவாக ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ஆனால் எந்த நாளில் எதை நிறுத்துவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நீங்களாக முடிவெடுக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையின் பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடிகிறதா என்று அட்டையைப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால், ரத்தத்தில் சர்க்கரை அளவு சாதாரணமாகவே தெரியும்போதுகூட உடலில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடலாம். மாத்திரைப் பட்டியலில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் மருந்து இது. இன்னொரு எச்சரிக்கை: நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை வீட்டில் யாரிடமாவது இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வால்வு சுருக்கம் உள்ளவருக்கு அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி மயக்கம் வரவைக்கலாம்.

அடுத்தது பல். புதிய வால்வு பொருத்தப்போகிறவர்கள் பல் மருத்துவரைப் பார்க்காமல் அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். சொத்தைப் பல்லிலும் சீழ் பிடித்த ஈறிலும் இருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலந்து புதிய வால்வில் படிந்தால் உயிருக்கே ஆபத்தான தொற்றாக மாறும். அதற்காக மீண்டும் நெஞ்சைத் திறக்க நேரலாம். பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் இப்போதே பிடுங்கிவிட்டு, புண் ஆறியபின் அறுவை சிகிச்சைக்குப் போவது நல்லது. பல் மருத்துவரிடம் வால்வு நோயையும் குளோபிடோக்ரெல்லையும் பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நெஞ்செலும்புக் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், மூன்று மாத சராசரியைக் காட்டும் பரிசோதனையை இந்த வாரமே செய்துகொண்டு, தேவைப்பட்டால் இன்சுலினுக்கு மாற ஒப்புக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து கொடுத்துச் சரிசெய்யவும் இப்போது அவகாசம் இருக்கிறது. புகைபிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நான்கு வாரம் புகையில்லாமல் இருந்த நுரையீரல் வென்டிலேட்டரிலிருந்து எளிதாக விடுபடும். உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, உடம்பைத் தேற்றுகிறேன் என்று வேகநடை தொடங்காதீர்கள். சமதரையில் மூச்சு வாங்காத அளவுக்கு மெதுவாக நடந்தால் போதும். நுரையீரலுக்குத் தனியாகப் பயிற்சி இருக்கிறது: உறிஞ்சும்போது பந்துகள் மேலே எழும்பும் சிறிய பிளாஸ்டிக் கருவியை இப்போதே வாங்கி, அதை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தினமும் பழகுங்கள். அறுவை சிகிச்சைக்கு மறுநாள் நெஞ்சுவலியோடு அதை முதன்முதலாகக் கற்றுக்கொள்வதைவிட, முன்பே பழகியிருந்தால் சளியை வெளியேற்றுவதும் நிமோனியாவைத் தவிர்ப்பதும் எளிது. படுக்கையில் ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றாமல், காலைத் தொங்கவிட்டு எழுந்து உட்காரவும் பழகிக்கொள்ளுங்கள். நெஞ்செலும்பு ஆறும்வரை அப்படித்தான் எழ வேண்டியிருக்கும்.

எந்த வகை வால்வு வைப்பது என்பதை நிபுணரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் சாப்பிட்டு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும். விலங்குத் திசுவால் செய்த வால்வுக்கு அந்த மாத்திரை பொதுவாகச் சில மாதங்களுக்கு மேல் தேவைப்படாது. ஆனால் 10 முதல் 15 ஆண்டுகளில் தேய்ந்துபோகலாம். உங்கள் வயதில் இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. மகனைப் பார்க்க அடிக்கடி நீண்ட பயணம் போக விரும்புபவர் என்பதை நிபுணரிடம் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் ஐ.என்.ஆர். பார்த்து மாத்திரை அளவை மாற்றிக்கொள்வது உங்களால் முடியுமா என்பது இந்த முடிவில் முக்கியமானது.

எல்லாம் சீராக நடந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓரிரு நாள், மருத்துவமனையில் மொத்தம் ஒரு வாரம் போல இருப்பீர்கள். இரண்டாவது, மூன்றாவது நாளில் இதயத் துடிப்பு தாறுமாறாவது பலருக்கும் வருவதுதான். பெரும்பாலும் மருந்தில் சரியாகிவிடும். சில வாரங்களுக்குத் தூக்கமின்மையும் மனச்சோர்வும் இருக்கலாம் என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவையுங்கள். நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், முழு வலிமை பெற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவோ, கனமான கதவை இழுக்கவோ கூடாது. பயணப் பெட்டியின் எடையை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே புதிய பயணத் தேதியை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று மாதம் தள்ளி, அதையும் மாற்றிக்கொள்ள வசதியுள்ள டிக்கெட்டாக எடுங்கள். சிக்கலில்லாமல் தேறியவர்கள் அதற்கு முன்பே பறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பயணம் நீண்டது, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, வார்ஃபரின் அளவு நிலைபெறவும் காலம் பிடிக்கும். கிளம்புவதற்கு முன் எக்கோவும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்து, இதயத்தையோ நுரையீரலையோ சுற்றி நீரோ காற்றோ தேங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் பொருத்திய வால்வின் விவரம் உள்ள அட்டையையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை மற்றவர்கள் தூக்கட்டும். விமானநிலையத்தில் சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதிவுசெய்யத் தயங்காதீர்கள்.

அறுவை சிகிச்சை நாள் வரும்வரை, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுகினாலோ, தலைசுற்றிக் கண் இருண்டாலோ, இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார நேர்ந்தாலோ, குறித்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழைத்து, இதய அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோ, சிறுநீர் எரிச்சலோ, தோலில் புண்ணோ வந்தால் சிறிய விஷயம் என்று விட்டுவிடாமல் நிபுணரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். தொற்று இருக்கும்போது புதிய வால்வு பொருத்தக் கூடாது. எக்கோ, ஆஞ்சியோகிராம் அறிக்கைகளின் நகல்களை ஒரே கோப்பில் போட்டு, அது இருக்கும் இடத்தை மனைவியிடம் இன்றே சொல்லிவையுங்கள்.