புகைக்கிற பைக்கும் மச்சானின் லீசிங்கும்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், உணவு டெலிவரிக்கு ஓடுகிறேன். 150 சிசி பைக், 68,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. மாதம் 2,500 ஓடும். இப்போது நீலப் புகை, ஆயிரத்துக்கு அரை லீற்றர் ஓயில் குறைகிறது. பிஸ்டன், ரிங், போர் (சிலிண்டரின் உட்சுவர்) எல்லாம் சேர்த்து 55,000 ரூபாய் என்கிறார் கராஜ் பாஸ். மச்சானின் ஓட்டோ லீசிங்குக்கு எட்டு மாதமாக மாதம் 12,000 கொடுக்கிறேன், அதனால் ஓயில் மாற்றுவதும் தள்ளிப்போனது. மனைவியின் நகையை அடகு வைத்து முற்பணம் கட்டி, லீசிங்கில் புது பைக் எடுக்கவா? மாதம் 18,500, 48 மாதம்.

பதில்: தம்பி, லீசிங் வட்டி பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 18,500 வீதம் 48 மாதம் என்றால் 888,000. முற்பணமும் அடகு வட்டியும் தனி. பாஸ் கேட்பது அதில் மூன்று தவணைக் காசு.

மச்சானுக்கு இதுவரை போனது 96,000. எஞ்சின் வேலையை முடித்து, 41,000 மிச்சமும் வந்திருக்கும். பழைய ஓயிலோடு ஓடிய அந்த எட்டு மாதம்தான் ரிங்கைத் தின்றிருக்கும் என்பது என் சந்தேகம்.

55,000 கொடுக்க முன் ஒன்று செய்யுங்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருந்தால், பிளக் ஓட்டைக்குள் ஒரு கரண்டி ஓயில் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் பார்க்கலாம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் புகைத்து நின்றுவிட்டால் வால்வு சீலாக இருக்கலாம், அதற்கு இவ்வளவு செலவில்லை. முறுக்கும்போதெல்லாம் புகைத்தால் பாஸ் சொல்வது சரி. அப்போதும் போரை அளந்து காட்டச் சொல்லுங்கள். தேய்மானம் அளவுக்குள் இருந்தால் ரிங் மட்டும் போதும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மலிவு பிஸ்டன் கிட் கிடைக்கும்தான், பெட்டியின் அழகைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஓயிலோடு ஊற்றினால் புகை நிற்கும் என்று விற்கிற போத்தலுக்கும் காசை இறைக்க வேண்டாம், தேய்ந்த ரிங் அதனால் வளராது.

காசு சேரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. ஓயில் குறைந்து எஞ்சின் இறுகிப் பிடித்தால் செலவு இரட்டிப்பாகும், பைக்கின் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நேரத்தில் புகைப் பரிசோதனையும் காலை வாரும். ஆகவே நகையில் 55,000க்கு எது போதுமோ அதை மட்டும் அடகு வையுங்கள். ஓயிலை லீற்றர் 2,500 என்று வைத்தாலும் மாதம் 3,000 சொச்சம் புகையாகப் போகிறது. அதோடு மச்சானின் 12,000ம் நின்றால் மாதம் 15,000, நாலு மாதத்தில் நகை வீட்டில்.

மச்சானிடம் இந்த மாதத் தவணைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொன்னால் லீசிங் கம்பனி ஓட்டோவை சீஸ் பண்ண நீங்கள்தான் காரணம் என்பார். அக்காவை வைத்துப் பேச வருவார், அதற்கும் தயாராக இருங்கள். புது போருக்கு முதல் 500 கிலோமீற்றர் முறுக்காமல் ஓடி, ஓயிலை மாற்றுங்கள். அந்த வாரம் ஓட்டம் குறையும், வீட்டுச் செலவுக்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.