எந்த வேலைக்கு எந்தக் கம்ப்யூட்டர்? ஒரு சர்வீஸ்காரரிடம் கேள்வி பதில்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என் தொழில். எந்த வேலைக்கு எந்த மாதிரி கம்ப்யூட்டர் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள். காலையில் சொன்ன விலை சாயங்காலம் இருப்பதில்லை.

கே: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பில் போடவும் டேலி சாஃப்ட்வேரில் கணக்கு பார்க்கவும் லேப்டாப் வாங்கலாமா?

ப: கல்லாவில் லேப்டாப் வேண்டாம். ஜவுளிக்கடையில் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும். லேப்டாப்பில் ஃபேன் சின்னது, காற்று போகும் வழியும் குறுகல். தூசி அடைத்தால் சூடேறி வேகம் குறையும். நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிவிடும். டீ கொட்டினால் மதர்போர்டு வரை இறங்கும். டெஸ்க்டாப் என்றால் கீபோர்டை மட்டும் மாற்றினால் போதும்.

உங்களுக்கு மினி பிசி சரியாக இருக்கும். டிபன் பாக்ஸ் அளவுதான், மானிட்டரின் முதுகிலேயே மாட்டிவிடலாம். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) தாராளம். பார்கோடு ஸ்கேனர், பில் பிரின்டர், மவுஸ், கீபோர்டு என்று எல்லாம் யுஎஸ்பியில்தான் சேரும், அதனால் போர்ட்டுகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். கூடவே ஒரு சின்ன யுபிஎஸ்.

இன்னொன்று. தினமும் கடை சாத்தும்போது கணக்கை ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அதே மெஷினில் டி டிரைவில் காப்பி போடுவது பேக்கப் ஆகாது. பெரும்பாலும் சி, டி இரண்டுமே ஒரே டிஸ்க்தான். போனால் சேர்ந்தேதான் போகும்.

கே: காலேஜ் போகும் பையனுக்கு லேப்டாப். ஐ3யா, ஐ5ஆ?

ப: இரண்டும் இன்டெல் பிராசசர்தான். அந்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனையாவது தலைமுறை என்று பாருங்கள். 12ஆம் தலைமுறை ஐ3, 7ஆம் தலைமுறை ஐ5ஐத் தாண்டி ஓடும். 16 ஜிபி ரேம் இருந்தால் படிப்பு முடியும் வரை தாங்கும்.

கே: வாஷிங் மெஷினில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று மெக்கானிக் சொல்கிறார். போர்டு மாற்றப் பணம் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?

ப: இருப்பது உண்மைதான் அம்மா. அந்த போர்டில் மைக்ரோகன்ட்ரோலர் என்று ஒரு சிப் இருக்கும். பிராசசர், மெமரி, வெளியே கம்பி போகும் கால்கள் எல்லாம் ஒரே சிப்பில். தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியது, மூடி பூட்டியிருக்கிறதா, மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பது அதுதான். ஏசி ரிமோட், மின்சார மீட்டர், பஸ்ஸில் டிக்கெட் அடிக்கும் மெஷின் என்று நாம் ஒரு நாளில் தொடும் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் இந்த ஜாதிதான். பார்க்கக் கம்ப்யூட்டர் மாதிரி இல்லாததால் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. போர்டை மாற்றத்தான் வேண்டுமா என்பது என் ஏரியா இல்லை. இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கே: 40 ஆயிரத்துக்குள் லேப்டாப், ஐ3 நல்லதா ஐ5 நல்லதா?

ப: மேலே சொல்லியிருக்கிறேன்.

கே: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். கம்ப்யூட்டர் வகை என்றால் மைக்ரோ, மினி, மெயின்ஃபிரேம், சூப்பர். பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். நீங்கள் அடிப்படையை விட்டுவிட்டுக் கடைச்சரக்கைப் பேசுகிறீர்களே?

ப: ஐயா, அந்தப் பட்டியலே ஒரு காலத்துக் கடைச்சரக்குதான். 1965இல் அமெரிக்காவின் டெக் நிறுவனம் பிடிபி-8 என்ற மினி கம்ப்யூட்டரை 18,000 டாலருக்கு விற்றது. அன்றைய மெயின்ஃபிரேம் விலைக்கு அது கொள்ளை மலிவு. ஆய்வுக்கூடங்கள் வாங்கின, ஆலைகள் வாங்கின. யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் பிறந்து வளர்ந்ததும் அந்த பிடிபி வரிசையில்தான். பிறகு ஒரே சிப்பில் அடங்கும் மைக்ரோபிராசசர் வந்து அந்தச் சந்தையைக் கீழேயிருந்து தின்றது. 1998இல், பிசி விற்றுப் பெரிய ஆளான காம்பாக், டெக்கையே வாங்கிவிட்டது. அந்த மினி இன்று பாடப்புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. மேலே ஜவுளிக்கடைக்குச் சொன்ன மினி பிசி வேறு.

மைக்ரோ என்பது நம் பிசிதான். மெயின்ஃபிரேமும் சூப்பரும்கூட உயிரோடு இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பிரிப்பது உருவம் இல்லை, வேலை. பெரிய வங்கிகளில் மெயின்ஃபிரேம் செய்வது, ஒரே நேரத்தில் வந்து குவியும் ஏராளமான சின்னக் கணக்குகளை ஒன்றுகூடத் தவறாமல், நிற்காமல் முடிப்பது. ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360க்கு எழுதிய புரோகிராம்கள் இன்றைய ஐபிஎம் மெயின்ஃபிரேமிலும் ஓடும் என்றால் பாருங்கள். சூப்பர் கம்ப்யூட்டர் நேர் எதிர். ஒரே ஒரு ராட்சதக் கணக்கை ஆயிரக்கணக்கான பிராசசர்கள் பங்கு போட்டுக்கொள்ளும். 2024இல் புனேயில் அர்கா, நொய்டாவில் அருணிகா என்று வானிலைக்காக நிறுவினார்களே, அந்த வேலை.

கே (அதே ஆசிரியர்): அப்படியானால் அனலாக், டிஜிட்டல், ஹைப்ரிட் என்ற பிரிவும் பொய்யா?

கே (குறுக்கே ஒரு பொறியியல் மாணவர்): அனலாக் செத்து எவ்வளவோ காலம் ஆகிறது சார்!

ப: தம்பி, அப்படி ஒரேயடியாகச் சொல்லாதே. எண்களை வைத்து இல்லாமல் நீளம், அசைவு மாதிரி அளவுகளை வைத்தே கணக்குப் போடுவதுதான் அனலாக். அது ஒரு காலத்தில் ராஜாவாக இருந்தது. 1870களில் விஞ்ஞானி கெல்வின் பிரபு ஒரு மெஷின் செய்தார், கடல் ஓதத்தை, அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவதை, முன்கூட்டிச் சொல்ல. சந்திரனும் சூரியனும் இழுப்பதைப் பல பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு கப்பி. எல்லாக் கப்பிகள் மேலும் ஒரே கயிறு. கைப்பிடியைச் சுற்றினால் கயிற்று முனை ஏறி இறங்கி, வரப்போகும் நாட்களின் கடல் மட்டத்தைக் காகிதத்தில் வரைந்துவிடும். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே தனியாக இன்னொன்றும் அந்தக் காலத்திலேயே செய்தார்கள். மின்சாரமும் இல்லை, எண்ணும் இல்லை, கூட்டல் மட்டும் நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த கம்ப்யூட்டர் அதுதான்.

இரண்டும் கலந்தது என்று சொல்லும் ஹைப்ரிட்டில்தான் எனக்குத் தகராறு. டயாலிசிஸ் மெஷினை உதாரணம் காட்டும் புத்தகங்கள் உண்டு. சென்சார் அளப்பது அனலாக், கணக்குப் போடுவது டிஜிட்டல் சிப். அப்படிப் பார்த்தால் என் வீட்டு ஏசியும் ஹைப்ரிட்தான்.

கே (ஆசிரியர்): எல்லாம் சரி. பேரனுக்கு அடுத்த வாரம் பரீட்சை. என்ன எழுதச் சொல்ல?

ப: நாலு வகை என்றே எழுதச் சொல்லுங்கள் ஐயா. திருத்துபவர் கையில் அந்தப் புத்தகம்தான் இருக்கும்.

கே: குவான்டம் கம்ப்யூட்டர் எப்போது வீட்டுக்கு வரும்?

ப: என் பெஞ்சுக்கு வந்தால் சொல்கிறேன்.

கே: பழைய லேப்டாப், விண்டோஸ் 10. தூக்கிப் போட வேண்டியதுதானா?

ப: வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, அதோடு மெஷின் கெட்டுப்போய்விடாது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றுங்கள். பிரவுசர், யூடியூப், ஆபீஸ் வேலை எல்லாம் நடக்கும். மாற்றுவதற்கு முன் பேக்கப், திரும்பவும் சொல்கிறேன்.

கே: ஐ3, ஐ5, ஏஎம்டியின் ரைசன் 5, எந்த பிராசசர்?

ப: என்ன படிப்பு, என்ன வேலை என்று எழுதாமல் இந்தக் கேள்வி கேட்பவர்களுக்கு இனி பதில் இல்லை.

கே: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்துவிட்டது. செருகினால் டிக் டிக் என்று சத்தம். கல்யாண ஃபோட்டோ எல்லாம் அதில்தான். வேறு காப்பி இல்லை.

ப: உடனே பிடுங்குங்கள். மறுபடி செருகிப் பார்க்க வேண்டாம், எந்த சாஃப்ட்வேரும் போட வேண்டாம். உள்ளே சுற்றும் தட்டைப் படிக்கும் ஹெட் அடிபட்டிருக்கலாம். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தட்டைக் கீறும். டேட்டா ரிகவரி மட்டுமே செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், திறந்து பார்ப்பதற்கு முன்பே கட்டணம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் ஃபோட்டோ எடுத்தவரையும் இன்றே கூப்பிட்டுக் கேளுங்கள், அவரிடம் இன்னும் இருக்கலாம்.