வில்லுப்பாட்டுப் பதிவில் கரகரப்பு: ப்ரீஆம்ப்பை எங்கே செருகுவது?

வணக்கம். களியக்காவிளைப் பக்கம் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்தபோது, ப்ரீஆம்ப் (மைக்கின் சிக்னலைப் பெருக்கும் கருவி) போட்டும் கரகரப்பு வந்தது, ரெக்கார்டரில் அளவைக் குறைத்தும் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ப்ரீஆம்ப்பை ரெக்கார்டரின் மைக் இன்னில் (மைக்கை நேராகச் செருகும் துளை) செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான்; ப்ரீஆம்ப் அதைக் கிட்டத்தட்ட 1 வோல்ட்டுக்கு உயர்த்திவிடும். மைக் இன் அதைத் தாங்காது. ஒலி நுழையும் இடத்திலேயே உடைந்துவிடும், பிறகு குறைத்து என்ன பயன்?

லைன் இன்னுக்கு (வலுவான சிக்னலுக்கான துளை) மாற்றுங்கள். அது இல்லையென்றால் நடுவில் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிள் போட்டு, மைக் இன் வழியாக ரெக்கார்டர் மைக்குக்குத் தரும் மின்சாரத்தை, அதாவது பிளக்-இன் பவரை, அணைத்துவிடுங்கள்.

அப்புறம், குடத்தை ஓங்கி அடிக்கும்போதும் ரெக்கார்டரின் மீட்டர் -12 டெசிபலைத் தாண்டாதபடி ப்ரீஆம்ப்பிலேயே அளவை வையுங்கள். குடத்தின் அடி திடீரென்று எகிறும். அதில் நான் ஒரு முழு இரவுக் கதையையே இழந்திருக்கிறேன். இன்றும் மனசு கேட்கவில்லை.