இரண்டு ஆண்டு போலிஷ் படித்தவளை ஏன் நிறுத்துகிறீர்கள்?

ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் தந்தை ஒருவர் சென்ற வாரம் மகளுடன் ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார். மகள் டெல்லியில் பி.காம். முடித்தவள். கூடவே டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவோனிய மொழித் துறையில், போலந்து நாட்டு மொழியான போலிஷுக்குச் சான்றிதழ் வகுப்பு, அடுத்து டிப்ளமோ என இரண்டு ஆண்டுகள் படித்திருக்கிறாள். மூன்றாவதாக அட்வான்ஸ்டு டிப்ளமோவில் சேர வேண்டும் என்கிறாள். பெரியப்பாவோ, போலந்தின் தலைநகர் வார்சாவில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கில வழி எம்.பி.ஏ. சேர்த்துவிடலாம் என்று ஒரு முகவரையே பிடித்துக் கொடுத்துவிட்டார். முன்பணமும் கட்டியாகிவிட்டது. "நாளைக்கு யாராவது கேட்டால் என் பெண் போலிஷ் படிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார் தந்தை.

கவலைப்படாதீர்கள் என்று முதலில் சொன்னேன். முகவர் கொடுத்த கட்டணத் தாளைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஐயா, நீங்கள் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கவலை போலிஷைப் பற்றி அல்ல, அந்த எம்.பி.ஏ.வைப் பற்றி.

ஆங்கிலம் மட்டும் தெரிந்த வணிகப் பட்டதாரி போலந்தில் எதற்குத் தேவை என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். அங்கே வரி அலுவலகக் கடிதம், வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாம் பெரும்பாலும் போலிஷில்தான் வரும். இன்ஃபோசிஸ் 2007 முதல் வூச் நகரில் கணக்கியல் சேவை மையம் நடத்துகிறது. (வரைபடத்தில் 'லோட்ஸ்' என்று படிப்போமே, அதே ஊர்தான்.) அப்படிப்பட்ட மையங்களில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கணக்கும் தெரிந்து, உள்ளூர் மொழியில் தொலைபேசியை எடுத்துப் பேசவும் கூடிய வெளிநாட்டவர்தான் அரிது. உங்கள் மகள் அந்த அரிய வரிசைக்குப் பாதி தூரம் வந்திருக்கிறாள். நீங்கள் அவளைப் பாதி வழியில் இறக்கிவிடப் பார்க்கிறீர்கள்.

ஜெர்மன், கனடா, ஐ.இ.எல்.டி.எஸ். பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

யாரும் கவனிக்காத ஒரு வாசல் இருக்கிறது. போலந்தின் 2018ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தில், போலிஷ் மொழியில் சி1 நிலைக்கான (ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஐந்தாவது படி) அரசுச் சான்றிதழ் வைத்திருக்கும் வெளிநாட்டவருக்கு, அரசுப் பல்கலைக்கழகங்களில் போலிஷ் வழி முழுநேரப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது என்று ஒரு விதி வைத்தார்கள். ஆங்கில வழிப் படிப்புக்கு இது பொருந்தாது. தனியார் கல்லூரிக்கும், வார இறுதி வகுப்புக்கும் பொருந்தாது. பல்கலைக்கழகமோ மொழிப் பள்ளியோ தன் லெட்டர்பேடில் தரும் 'சி1 முடித்தார்' என்ற தாளும் செல்லாது. அரசு ஆணையத்தின் தேர்வில் கேட்டல், வாசித்துப் புரிதல், இலக்கணம், எழுதுதல், பேசுதல் என்ற ஐந்து பகுதிகளையும் எழுதி வாங்கிய சான்றிதழ்தான் வேண்டும். விதிகள் மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்திடமே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் மகளின் மூன்றாண்டு பி.காம். அங்கே முதுகலைக்குப் போதுமா என்பதையும் நாவா என்ற அவர்களுடைய அரசு அமைப்பிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சி1 எளிதா? இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அலுவலர்களுக்குப் போலிஷ் கற்பிக்க 44 வாரங்கள், 1,100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அந்தப் பட்டியலில் அதே வரிசையில் தமிழும் இருக்கிறது என்பது நமக்கு ஒரு சிறிய ஆறுதல். தொடக்க நிலையில் வணக்கம் சொல்லவும் ரொட்டி வாங்கவும் கற்றுக்கொள்ளலாம். சுவர் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஏழு வேற்றுமைகள் இருக்கின்றன. ஊர்ப் பெயர்கூடச் சும்மா இருக்காது. வார்சாவில் என்றால் 'வ் வர்ஷாவ்யே', வார்சாவுக்கு என்றால் 'தோ வர்ஷாவி'. இரண்டு, மூன்று, நான்கு வரை பெயர்ச்சொல் ஒரு மாதிரி, ஐந்து வந்ததும் வேறு மாதிரி. பன்மையில் பெண்களும் பூனைகளும் நாற்காலிகளும் ஒரே அணி. அந்தப் பெண்கள் கூட்டத்தில் ஓர் ஆண் வந்து நின்றால் போதும், வினைமுற்றே மாறிவிடும்! (இதைப் பற்றி எனக்குச் சொந்தக் கருத்து உண்டு, இங்கே வேண்டாம்.)

ஆனால் விளியையும் சேர்த்து எட்டு வேற்றுமை படித்த நமக்கு இந்த ஏழு அவ்வளவு அந்நியமல்ல. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகியவர்கள் அவர்களுடைய பன்மைப் பிரிவினையையும் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். 'ரோபிவா' என்றால் செய்துகொண்டிருந்தாள், 'ஸ்ரோபிவா' என்றால் செய்துமுடித்தாள். ஆங்கிலம் வழியாக இதைப் புரிந்துகொள்ளத் திணறுகிற இடத்தில், தமிழ் வழியாக உங்கள் மகள் தாண்டிவிட்டாள். இதை அவளேதான் எனக்குச் சொன்னாள். எம்.பி.ஏ. பற்றிக் கேட்டபோது ஒரு வரியில் பதில் சொன்னவள், இதை என் மேசைத் தாளில் கட்டம் போட்டு இருபது நிமிடம் விளக்கினாள். நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு.

வழியைச் சொல்கிறேன். இந்த ஆண்டு அவள் டெல்லியில் அட்வான்ஸ்டு டிப்ளமோவை முடிக்கட்டும். அடுத்து, வூச் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்கான போலிஷ் மொழி மையம் ஒன்று 1952 முதல் இயங்குகிறது. போலிஷ் வழிப் பட்டப்படிப்புக்கு வெளிநாட்டு மாணவர்களைத் தயார்ப்படுத்துவதே அதன் வேலை. அங்கே ஓர் ஆண்டு. அதற்குக் கட்டணமும் உண்டு, தங்கும் செலவும் உண்டு. அந்த ஓர் ஆண்டில் சி1க்கு முந்தைய படியான பி2 வந்தால் நல்ல வேகம். சி1க்கு இன்னும் சில மாதங்கள் பிடிக்கலாம், முதல் முறை தேர்வில் தவறவும் செய்யலாம். அதையும் சேர்த்தே பணத்தை ஒதுக்குங்கள். மொழி வகுப்பின்போது பகுதிநேர வேலை செய்து சமாளிப்பாள் என்று கணக்கில் எழுதாதீர்கள். மண்டிக் கணக்கில் வராத வரவை நீங்கள் வரவு வைப்பதில்லை அல்லவா? கையில் இருப்பது இதற்குப் போதவில்லை என்றால் ஓர் ஆண்டு அவள் இங்கே வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு போகட்டும். வீட்டை அடமானம் வைத்து அனுப்புவதானால் என்னிடம் இரண்டாம் முறை வர வேண்டாம்.

முதுகலையில் கணக்கியலா, போலிஷ் மொழியியலா என்பதை அவள் வூச் ஆண்டின் முடிவில் தீர்மானிப்பாள். நீங்களும் பெரியப்பாவும் இன்றைக்கே தீர்மானிக்க வேண்டியதில்லை.

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றீர்கள். வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள், திருக்குறளுக்குப் போலிஷ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அங்கே தமிழ் படிக்கும் பிள்ளையின் தந்தையிடமும் அவருடைய அண்ணன் இதே கேள்வியைக் கேட்டிருக்கக்கூடும்.

முகவரிடம் கட்டிய முன்பணத்தை ரசீது எண்ணுடன் பதிவுத் தபாலில் திரும்பக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அது போனதாக இருக்கட்டும். அதை மீட்பதற்காக இரண்டாம் தவணையைக் கட்டிவிடாதீர்கள். அந்தத் தேதி வரும் 15 என்று தாளில் பார்த்தேன்.