அம்மா, என் தொடை பெருசா இருக்கா?

வணக்கம் அக்கா,

செந்தூலில் இருந்து எழுதுகிறேன். என் மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், இந்த வருஷம் எட்டு வயது. கொஞ்ச நாளாகக் குளித்துவிட்டு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று தொடையைக் கிள்ளிப் பார்த்து, "அம்மா, என் தொடை பெருசா இருக்கா?" என்று கேட்கிறாள். கோலாலம்பூர் வெயிலில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள், கழற்றச் சொன்னால் அழுகை. கொடுத்தனுப்பும் நாசி லெமாக் பாதி அப்படியே திரும்பி வருகிறது. வகுப்பில் ஒரு பையன் "கெமோக்" (மலாயில் குண்டு) என்று கூப்பிட்டானாம். என் மாமியார் பாசமாகத்தான் சின்ன வயதிலிருந்தே அவளைக் "குண்டம்மா" என்பார். கணவர், "சின்னப் பிள்ளை பேச்சு, மறந்துவிடுவாள், விடு" என்கிறார். நான் தினமும் "நீ அழகுடா செல்லம்" என்று சொல்கிறேன், அவள் நம்புவதாக இல்லை. உண்மையைச் சொன்னால் அவள் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருக்கிறாள். சோற்றைக் குறைக்கட்டுமா? போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகுமா? அடுத்த மாதம் கோவில் விழாவில் அவள் பரதம் ஆட வேண்டும், உடையைப் பார்த்ததிலிருந்து ஆடமாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா? பெயர் போட வேண்டாம் அக்கா.

ஒரு தாய், கோலாலம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தால் பெரும்பாலான வீடுகளில் வரும் முதல் பதில் அதுதான். மறக்கமாட்டாள். காலையில் போட்ட சண்டையை மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிற பிள்ளைகள்தான், ஆனால் தன் உடம்பைப் பற்றி எட்டு வயதில் கேட்ட ஒரு வார்த்தையை, யார் சொன்னது, எங்கே நின்று சொன்னது, அப்போது யார் யார் சிரித்தார்கள் என்பது வரை நாற்பது வயதிலும் சொல்லக்கூடிய பெண்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எட்டு வயதில் இதெல்லாம் வருமா என்றால், அதற்கு முன்னாலேயே வருகிறது. அமெரிக்காவின் காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையில், ஆறு முதல் எட்டு வயதுப் பெண்பிள்ளைகளில் பாதிக்கு மேல், ஆண்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு, இப்போது இருப்பதைவிட ஒல்லியாக இருக்க வேண்டும் என்று நினைப்பதாகச் சொல்கிறது. ஆண்பிள்ளைகளும் என்பதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன். உங்கள் மகளைக் கூப்பிட்ட அந்தப் பையனும் அந்த வார்த்தையை எங்கேயோ காதில் வாங்கித்தான் வாயில் வைத்திருக்கிறான். வகுப்பாசிரியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள். வகுப்பின் நடுவில் எழுப்பி நிறுத்தி அவனை மன்னிப்புக் கேட்கவைத்தால் மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பட்டப்பெயர் தெரிந்துவிடும்.

நம் ஆட்களிடம் இருக்கிற ஒரு வழக்கத்தை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கைக்குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் தூக்கிக் கொஞ்சாத ஆள் இல்லை. தொடையில் மடிப்பு விழுந்தால் திருஷ்டி சுற்றிப் போடுகிறோம், கன்னத்தில் மை வைக்கிறோம். பிள்ளை மெலிவாக இருந்தால் தாய்க்குத்தான் திட்டு. அஞ்சு வயது வரைக்கும் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவிடாமல் பின்னாலேயே ஓடி ஓடி ஊட்டுகிறோம். அப்புறம் ஏதோ ஒரு நாளில், யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாமலே, அதே கன்னமும் அதே தொடையும் குற்றமாகிவிடுகிறது. போன வருஷம் கிள்ளி முத்தம் கொடுத்த அதே அத்தை இந்த வருஷம், "பிள்ளைக்குக் கொஞ்சம் வாயைக் கட்டக்கூடாதா?" என்கிறார். பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவள் எதையும் மாற்றவில்லை, சுற்றியிருந்தவர்கள்தான் மாறிவிட்டார்கள், ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தன்மேல்தான் ஏதோ தப்பு என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பாள்?

இங்கே பினாங்கில் ஒரு வீட்டில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. ஒன்பது வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு, புதுப் பாவாடை சட்டை, கையில் தாள் தட்டு, அதில் முறுக்கும் ஒரு நெய்யுருண்டையும். எதிரில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "போதும்டி, அப்புறம் கதவு வழியா நுழைய முடியாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரித்தபடியே நெய்யுருண்டையை எடுத்துத் திரும்ப டப்பாவுக்குள் வைத்து, அந்தச் சிவப்பு மூடியைத் திருகி மூடி, தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய், சோபாவில் கிடந்த குஷனை எடுத்து மடியில் வைத்து வயிற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் கிளம்பும் வரை அந்தக் குஷன் இறங்கவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவள் சிரித்தாளே. உங்கள் கடிதத்தில் ஜாக்கெட் என்று படித்ததும் எனக்கு அந்தக் குஷன்தான் ஞாபகம் வந்தது.

பாசமாகச் சொன்னால் தப்பா என்று உங்கள் மாமியார் கேட்பார். அவர் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் ஒரு ஆய்வில், பதின்ம வயதில் எடையை வைத்துக் கேலி செய்யப்பட்டவர்களை 15 ஆண்டு கழித்துப் பார்த்திருக்கிறார்கள், முடிவு 2017இல் வெளிவந்தது. கேலிக்கு ஆளானவர்களுக்கு, ஆகாதவர்களைவிட எடை கூடித்தான் இருந்தது. பெண்கள் விஷயத்தில் கூடப் படித்தவர்கள் செய்த கேலி, வீட்டார் செய்த கேலி இரண்டுக்குமே இந்தத் தொடர்பு இருந்தது. சொன்னால் ரோஷம் வந்து மெலிவாள் என்று நம்பிச் சொல்கிறார்களே, நடப்பது நேர்மாறு. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை, கேலிக்குப் பயந்த பிள்ளை திடலில் ஓடாது, நாலு பேர் முன்னால் சாப்பிடாது, தனியாக இருக்கும்போது சேர்த்துச் சாப்பிடும்.

மாமியாரிடம் நீங்கள் பேசாதீர்கள், உங்கள் கணவர் பேசட்டும். மருமகள் சொன்னால் அது வேறு மாதிரிப் போய் முடியும். பிள்ளை இல்லாத நேரத்தில், "அம்மா, அவ அந்தப் பேரைக் கேட்டுட்டு அழறா, இனி பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்றால் போதும். பேத்தி அழுகிறாள் என்று தெரிந்தபின் பிடிவாதம் பிடிக்கிற பாட்டிகள் குறைவு.

அடுத்து உங்களைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது ரவிக்கைக் கொக்கி மாட்டாமல் போனால் கண்ணாடி முன்னால் நின்று என்ன சொல்கிறீர்கள்? "ஐயோ, எப்படி ஊதிட்டேன் பாரு, இனி ராத்திரி சோறே கிடையாது" என்று சொல்வதுண்டா? நம்மில் பாதிப் பேருக்கு அது வாய்ப்பழக்கம். பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மாவின் உடம்பே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அதே உடம்பு மாதிரிதான் தன் உடம்பும் என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்றால் கணக்கு அவளுக்கு எளிது. நிறத்துக்கும் இதுவே. "வெயில்ல விளையாடாதே, கருத்துப் போயிடுவே" என்று சொல்லாத தமிழ்வீடு கோலாலம்பூரிலும் குறைவு, பினாங்கிலும் குறைவு. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது, நாம் வாயை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

"நீ அழகுடா" என்பதை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அவள் கேட்கும்போது அதைப் பதிலாகச் சொல்லாதீர்கள். அவள் கேட்பது வேறு. தொடை பெரிதா சிறிதா என்று அளக்கிற இடத்திலேயே நீங்களும் நின்று பதில் சொல்கிறீர்கள், இன்றைக்கு அம்மா பாஸ் போட்டாள், நாளைக்கு வகுப்பில் ஃபெயில் என்று அவள் நினைப்பாள். அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். "பெருசா இருந்தா என்ன ஆயிடும்னு பயமா இருக்கு?" என்று கேளுங்கள். சொல்ல நேரம் எடுப்பாள், விடுங்கள். நான் கேள்விப்பட்டவரை பெரும்பாலும் வருகிற பதில், "யாரும் என்கூட விளையாட மாட்டாங்க" என்பதுதான். நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பயத்துக்கு.

சோறு. வேண்டாம், அவளுக்கு மட்டும் குறைக்காதீர்கள். இந்த நாட்டில் எடை ஒரு பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், 2019 தேசிய சுகாதார ஆய்வில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல் அல்லது உடற்பருமன். ஆனால் உங்கள் மகள் அதில் சேர்த்தியா என்பது உங்கள் கண்ணுக்கும் தெரியாது, அத்தை கண்ணுக்கும் தெரியாது. உயரத்தையும் எடையையும் வைத்துப் பெரியவர்களுக்குப் பார்க்கிற பிஎம்ஐ எண்ணை அப்படியே பிள்ளைக்குப் போடக்கூடாது, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து வளர்ச்சி அட்டவணையில் பார்க்க வேண்டும். அதிலும் எட்டு வயதுக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் தொடங்கலாம், உயரம் சட்டென்று எகிறுவதற்கு முன்னால் சதை போடுவது பலருக்கு நடக்கும். அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். எடை பற்றி மருத்துவரிடம் பேசுவதை மட்டும் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசுங்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் பெற்றோருக்குச் சொன்னதும் இதுதான்: டயட் வேண்டாம், வீட்டில் எடைப் பேச்சு வேண்டாம், கேலி கூடவே கூடாது, முடிந்தவரை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாற்றம் தேவை என்றால் வீட்டுக்கே மாற்றுங்கள். ஐஸ்பெட்டியில் சிராப் வேண்டாம் என்றால் அப்பாவுக்கும் வேண்டாம். அண்ணன் தட்டில் பொரித்த கோழி, அவள் தட்டில் கேரட் என்றால் அது தண்டனை. என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், எவ்வளவு என்பதை அவள் வயிறு முடிவு செய்யட்டும்.

போன்? அதற்கும் பங்கு இருக்கிறது. ஃபிஜித் தீவில் நாட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன தீவுதான், ஆனால் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பார்த்தது பூர்வகுடிப் பெண்பிள்ளைகளை, வாட்டசாட்டமான உடம்பை மதிக்கிற மக்கள் அவர்கள். தொலைக்காட்சி வந்த கையோடு ஒருமுறையும் 1998இல் ஒருமுறையும் விசாரித்தார். சாப்பாட்டு விஷயத்தில் கோளாறான போக்கு 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 ஆகியிருந்தது, எடைக்காக வாந்தி எடுப்பது சுத்தமாக இல்லாமல் இருந்து 11.3 ஆகியிருந்தது. மூன்றே வருஷம். இன்றைக்குக் கையில் இருக்கிற திரை அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் ஒளித்துப் பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், முகத்தை வழவழப்பாக்கி இடுப்பைக் குறுக்கும் ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்று உங்கள் முகத்திலேயே போட்டுக் காட்டுங்கள், அப்புறம் குடும்பப் படங்களுக்கு அதைப் போடாமல் விடுங்கள்.

இன்னொன்று, நான்காம் ஆண்டுக்குப் போனதும் பள்ளியில் செகாக் என்ற உடல்தகுதிச் சோதனை வரும். பெஞ்சில் ஏறி இறங்குவது, தண்டால் எல்லாவற்றோடும் உயரமும் எடையும் எடுப்பார்கள். எடையை ஒரு ஆசிரியர் உரக்கப் படிக்க இன்னொருவர் எழுதினால் வரிசையில் நிற்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டுவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை இப்போதே எழுப்புங்கள், ஒரு தடுப்புப் பலகை வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

திரும்பி வரும் நாசி லெமாக்கை மட்டும் லேசாக விடாதீர்கள். வீட்டுக்கு வந்து பசியோடு சாப்பிடுகிறாளா, இங்கேயும் ஒதுக்குகிறாளா என்று பாருங்கள். எடை குறைந்தாலோ, வளர வேண்டிய வயதில் ஏறாமல் நின்றாலோ, தலைசுற்றல், சாப்பிட்டதும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது, யாரோடும் சேர்ந்து சாப்பிட மறுப்பது, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் திணறினால் சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555 இருக்கிறது, நீங்களே கூப்பிட்டுப் பேசலாம்.

நடனம். கட்டாயப்படுத்தாதீர்கள், நீங்களாக "சரி, வேண்டாம்" என்று ரத்தும் செய்யாதீர்கள். ஆடப் பிடிக்கவில்லையா, உடை பிடிக்கவில்லையா என்று முதலில் கேளுங்கள், கடிதத்தைப் பார்த்தால் உடைதான். அரைமண்டியில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து ஆடுவதற்குத் தொடையில் பலம் வேண்டும், அந்தத் தொடைதான் அவளைத் தாங்குகிறது என்பதை அவள் மதிக்கும் ஆசிரியை வாயால் கேட்டால் அவளுக்கு அது வேறு மாதிரி இறங்கும். உடை இறுக்கமாக இருந்தால் பிள்ளை உடம்புக்கு ஏற்றபடி உடையைப் பிரித்துத் தைக்கலாம். இடுப்பில் இரண்டு விரல் விட்டு, கை கொஞ்சம் நீளமாக வைத்துத் தரச் சொல்லுங்கள், அளவு எடுக்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று தையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். வீட்டில் ஒருநாள் அதைப் போட்டு முழுப் பாட்டுக்கும் ஆடிப் பார்க்கட்டும், யாரும் போனில் எடுக்காமல். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் இந்த முறை விட்டுவிடுங்கள், வகுப்புக்கு மட்டும் தொடர்ந்து போகட்டும். ஆசிரியையிடம் இந்த வாரமே பேசுங்கள், விழா நெருங்கிவிட்டால் தையல்கடையில் பிரித்துத் தர நேரம் இருக்காது.

அன்புடன்,
அக்கா